பேவ்மென்ட் என்றால் நடைபாதை

ஜூலை 3, 2023, திங்கள்

காலையில் இவருக்கு இட்லியைக் குழைத்து ஊட்டினேன். இரண்டோடு வாயை மூடிக்கொண்டார். பகலில் இவரைப் பார்த்துக்கொள்ளும் லூர்துமேரி ஒன்பதுக்கு வந்தாள். முதுகுப் புண்ணுக்கு மருந்து போடச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நீதிமன்றத்தில் ஒரு புது வேலை வந்திருக்கிறது. பால் வேன் வழக்கு. போன நவம்பரில், விடிந்தும் வெளிச்சம் வராத ஒரு மழைக்காலையில், குளத்து வடகரைத் தெருவில் பொரிகடலை விற்கும் கலியமூர்த்தி என்பவர் மேல் பால் வேன் ஏறிவிட்டது. அந்த இடத்திலேயே உயிர் போயிற்று. ஓட்டியவன் பெயர் ஆசைத்தம்பி, வயது இருபத்தேழு. வேன் நின்றபோது அதன் இடப்பக்கச் சக்கரங்கள் பிளாட்பாரத்தின் மேல் இருந்தன. பிளாட்பாரத்தில் ஏற்றிக் கொன்றான் என்கிறது போலீஸ். ரோட்டில் ஒருவர் திடீரென்று விழுந்தார், அவரைத் தவிர்க்கத்தான் இடப்பக்கம் ஒடித்தேன், முடியவில்லை என்கிறான் அவன். ரத்தம் எங்கே இருந்தது என்று யாரும் பார்ப்பதற்குள் மழை கழுவிவிட்டது.

நேரில் பார்த்தவர் ஒரே ஒருவர். கோயில் பார்க்க வந்த அமெரிக்கப் பெண்மணி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, டயான் ஹோல்கம். மறுநாளே ஊருக்குப் போய்விட்டார். போகுமுன் கைப்பட எழுதிக் கொடுத்த ஒரு தாள் இருக்கிறது. இருபதாம் தேதி காணொலி வழியாகச் சாட்சி சொல்கிறார். அதற்குள் தாளைத் தமிழாக்க வேண்டும்.

ஒரு பக்கம்தான்.

ஜூலை 5, புதன்

முடித்தேன். நல்ல கையெழுத்து, சின்னச் சின்ன வாக்கியங்கள். முக்கியமானது ஒன்றுதான்: வேன் வந்தபோது அந்த மனிதர் பேவ்மென்ட்டில் விழுந்து கிடந்தார். ‘நடைபாதையில் விழுந்து கிடந்தார்’ என்று எழுதினேன். அகராதியிலும் அதுதான் முதல் பொருள்.

வரும் வழியில் இவருக்குச் சிறுநீர் பிடிக்கும் பை வாங்கினேன். முருங்கைக்கீரை கிடைக்கவில்லை.

ஜூலை 6, வியாழன்

சரியாகத் தூங்கவில்லை. புழுக்கம்.

ஜூலை 10, திங்கள்

தாளைச் சமர்ப்பிக்கும் முன் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் பழக்கம். ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. காலையில் காப்பி குடித்துக்கொண்டே படித்தேன். இவர் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். விபத்துக்குப் பிறகு இவருக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வரும், அதுவும் பாதி பாதியாக.

“தா... தாரு” என்றார்.

தண்ணீர் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மறுபடியும், “தாரு.”

“தயிரு கேக்குறாரோ என்னவோம்மா” என்றாள் லூர்து. கொடுத்தோம். அதையும் தொடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்தரைக்குத் தாளைக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 14, வெள்ளி

வழக்கு இன்று அழைக்கப்பட்டு உடனே தள்ளிவைக்கப்பட்டது. ஆசைத்தம்பியைப் பார்த்தேன். ஒல்லியான ஆள். லைசென்ஸைப் பறித்துவிட்டதால் பால் பண்ணையில் கேன் கழுவுகிறானாம். கைகள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. நீதித்துறை நடுவர் வந்து உட்காருவதற்குள் மூன்று முறை கும்பிட்டான்.

இறந்தவரின் மனைவி பட்டம்மாளும் வந்திருந்தாள். கதவோரம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க எனக்கு யார் நினைவோ வந்தது. யார் என்று எழுத வேண்டியதில்லை.

ஜூலை 20, வியாழன்

சாட்சி முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

திரையில் டயான் ஹோல்கம் தெரிந்தார். அறுபத்தெட்டு வயதிருக்கும். அங்கே அப்போது பின்னிரவு. அறையின் ஒலிபெருக்கி கரகரத்ததால் ஹெட்போனை எனக்கு மட்டும் கொடுத்தார்கள். நடுவர் என்னைவிட இருபது வயது சின்னவர், பொறுமையானவர். “எனக்கு அவங்க பேசறது பாதிதான் பிடிபடுது. நீங்க சொல்றதைத்தான் பதிவு செய்யப்போறேன் மேடம்” என்றார்.

தான் ஸைட்வாக்கில் நின்று குளத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்ததாக டயான் சொன்னார். ‘சாலையோரம்’ என்றேன். அந்த மனிதர் பேவ்மென்ட்டில் விழுந்தார் என்றார். ‘நடைபாதை’ என்றேன்.

ஆசைத்தம்பிக்கு இலவசச் சட்ட உதவியில் வாதாடுபவர் பர்வீன் என்ற இளம் வக்கீல். அவர் எழுந்தார். “வேன் இடிச்சப்ப அவர் பிளாட்பாரத்துல இருந்தாரா, ரோட்டுல இருந்தாரான்னு கேளுங்க.”

பிளாட்பாரம் என்ற சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் வைத்துக் கேட்டேன். அந்த அம்மாள் விழித்தார். “ரயில் நிலையம் எதுவும் பக்கத்தில் இல்லையே?” என்றார். அதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். நடுவரும் சிரித்துவிட்டு, “பேவ்மென்ட்னு கேளுங்க மேடம், புரியும்” என்றார்.

அவர் சொன்னபடிதான் கேட்டேன். வேன் மோதியபோது அவர் பேவ்மென்ட்டில் இருந்தாரா?

“ஆமாம். பேவ்மென்ட்டில்தான். எனக்கு உறுதியாகத் தெரியும்.”

நடைபாதையில்தான் இருந்தார் என்று சாட்சி உறுதியாகச் சொல்கிறார் என்றேன்.

கூண்டிலிருந்து ஆசைத்தம்பி கத்தினான். “இல்லீங்கய்யா! நான் பிளாட்பாரத்துல ஏத்தலீங்கய்யா! அவரு ரோட்டுலதான்யா கெடந்தாரு!” காவலர் அவன் தோளை அழுத்தி அமர்த்தினார். பர்வீன் காகிதங்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த அறையில் எல்லாரும் ஆங்கிலம் படித்தவர்கள்தான். எல்லாருக்கும் பேவ்மென்ட் என்றால் நடைபாதைதான். நான் ஒருத்தி மட்டும் என்ன செய்ய முடியும்?

ஜூலை 21, வெள்ளி

குழாய் ஒழுகுகிறது. ஆளைக் கூப்பிட்டேன், வரவில்லை.

ஜூலை 24, திங்கள்

விடுப்பு எடுத்தேன். அலமாரியைத் துடைத்தேன். இவர் நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சியராக இருந்தவர். ரோடு போடும் புத்தகங்கள் மேல்தட்டில் ஒன்பது இருக்கின்றன. அவற்றில் ஐந்தின் முதுகில் அந்தச் சொல் பெரிய எழுத்தில் இருக்கிறது. அவர்கள் துறையில் பேவ்மென்ட் என்றால் ரோடுதான். கீழே கப்பி, அதன்மேல் ஜல்லி, அதற்கும் மேல் தார். கல்யாணமான புதிதில் சாயங்காலம் சட்டையெல்லாம் தார் மணக்க வாசலில் வந்து நிற்பார். “இன்னிக்கு ரெண்டு கிலோமீட்டர் பேவ்மென்ட் முடிச்சாச்சு மங்களம்” என்பார்.

ஆனால் அது இன்ஜினியர்கள் பேச்சு. அந்த அம்மாள் பள்ளி ஆசிரியை.

மேல்தட்டைத் துடைக்காமல் விட்டுவிட்டேன்.

ஜூலை 25, செவ்வாய்

இவருக்கு அடிபட்டது 2012 ஆகஸ்டில். பஸ்ஸுக்காகப் பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். லாரி மேலே ஏறி வந்தது. நேரில் பார்த்த பழக்கடைக்காரர் முதலில் ‘பிளாட்பாரத்துல நின்னாரு’ என்றார். கூண்டில் ஏறியதும் ‘ரோட்டுல எறங்கி நின்ன மாதிரி ஞாபகம்’ என்று மாற்றினார். சந்தேகத்தின் பலனை டிரைவருக்குக் கொடுத்து விடுதலை செய்தார்கள். மேல்முறையீட்டுக்காக அந்தத் தீர்ப்பை ஆங்கிலத்தில் பெயர்த்தவள் நான்தான். மேல்முறையீடும் தள்ளுபடி ஆயிற்று.

இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வருஷம் மறந்துவிடக் கூடாதே என்று எழுதிவைத்தேன்.

ஜூலை 27, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டம்மாள் என் மேஜைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“நீங்கதானம்மா அந்த வெள்ளக்காரம்மா சொன்னத தமிழ்ல சொன்னது?”

“ஆமா.”

“பிளாட்பாரத்துலதான் இருந்தாருன்னு சொன்னாங்களா?”

நான் பதில் சொல்லுமுன் அவளே தொடர்ந்தாள். “எங்க தெருவுல என்னென்னமோ பேசுறாங்கம்மா. நடுரோட்டுல போயி விழுந்தாருன்னா, காலையிலயே ஊத்திக்கிட்டுத்தான் வந்திருப்பாருன்னு. முப்பத்திரெண்டு வருசம் குடும்பம் நடத்துனேன், ஒருநா அந்த நாத்தத்தோட வீட்டுக்கு வந்ததில்ல. பிளாட்பாரத்துல அவரு எடத்துல, கூடைக்குப் பின்னால குந்தியிருந்த மனுசன். அத கோர்ட்டுல எழுதிட்டாங்கள்ல? அது போதும்மா எனக்கு.”

எழுதிவிட்டார்கள் என்றேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஜூலை 31, திங்கள்

வாதங்கள் முடிந்தன. ஆகஸ்ட் 11 தீர்ப்பு.

தண்ணீர்க் குழாயடியில் ஆசைத்தம்பி என்னை மறித்தான். மறித்தான் என்று எழுதுவது தப்பு. நான் தம்ளரை வைத்துவிட்டு நிமிரும்வரை ஒதுங்கி நின்று காத்திருந்தான்.

“மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?”

“வக்கீலைக் கேளுப்பா.”

“கேட்டேன். சாட்சி அப்புடித்தான் சொன்னாங்க, என்ன பண்றதுங்கிறாங்க. இல்ல மேடம், அந்தம்மா பொய் சொல்ற ஆளா தெரியல. அன்னிக்கு நான் ரோட்டுல ஒக்காந்துட்டேன். சனம் கூடி அடிக்க வந்துச்சு. அந்தம்மாதான் குறுக்க நின்னாங்க. அவங்க பாட்டில் தண்ணிய எனக்குக் குடுத்தாங்க. முதுகத் தடவி விட்டு என்னமோ சொன்னாங்க, எனக்குப் புரியல. பிளாட்பாரத்துல ஏத்திக் கொன்னவனுக்கு யாராச்சும் தண்ணி குடுப்பாங்களா மேடம்?”

தம்ளரைக் கவிழ்த்து வைத்தேன்.

“அவங்க வேற என்னமோ சொல்லியிருப்பாங்களோன்னு தோணிக்கிட்டே இருக்கு. உங்களச் சொல்லல மேடம். நீங்க படிச்சவங்க. அந்த மிசினு சரியில்லாம இருந்திருக்குமோ?”

மெஷின் சரியாகத்தான் இருந்தது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

லூர்துவை இரண்டு முறை காரணமில்லாமல் திட்டினேன். பால் பாக்கெட்டைத் தொடப் பிடிக்கவில்லை. கடுங்காப்பி குடித்தேன்.

ஆகஸ்ட் 2, புதன்

சாயங்காலம் லூர்து போனதும் இவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். வலது கண்ணில் மட்டும் நீர் வழியும். அது எப்போதும் வழிவதுதான்.

“என்னங்க, பேவ்மென்ட்னா என்ன?”

“ரோ...டு.”

“நடைபாதைன்னும் அர்த்தம் உண்டு இல்லையா? நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க? அகராதியிலயே இருக்கு.”

அவர் கையைத் தூக்கினார். தூக்குவதற்கே அவருக்கு நேரமாகும். என் முழங்கையில் வைத்தார்.

“உனக்கு... தெரியும்.”

“தெரியாதுங்க. நான் எப்படி...”

“தெரியும்.”

ஒரே மூச்சில் அந்தச் சொல்லை முழுதாகச் சொன்னார். பதினோரு வருடத்தில் இவர் வாயிலிருந்து இப்படித் தெளிவாக ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. கோபப்பட்டேன். “உங்களை இப்படிப் படுக்க வெச்சவன் எங்கேயோ நல்லா இருக்கான். ஒருத்தனாவது உள்ள போனா என்ன?” என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் நின்றது.

இவர் என் முழங்கையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 3, வியாழன்

நடுவருக்குக் கடிதம் எழுதினேன். ‘கவனக்குறைவால் நேர்ந்த பிழை’ என்று போட்டேன். நான்கு முறை படித்தேன். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

காலை பத்து மணிக்கு நடுவரின் அறைக்குப் போனேன். கடிதத்தைப் படித்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. பிறகு கேட்டார்.

“அமெரிக்காவுல பேவ்மென்ட்னா ரோடா?”

“ஆமா சார். தார் போட்ட தளம். நாம பிளாட்பாரம்னு சொல்றதை அவங்க ஸைட்வாக்னுவாங்க.”

“அன்னிக்கு அந்தம்மா ஸைட்வாக்னு சொன்னாங்களா?”

“சொன்னாங்க. தான் அதுல நின்னதா சொன்னாங்க. நான் சாலையோரம்னு பெயர்த்தேன்.”

பேனாவை மேஜைமேல் வைத்தார். “கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்க. முப்பது வருஷ சர்வீஸ். இது பிழைன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது மேடம்?”

நேற்று என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். நம்பத் தயாராகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

“அஞ்சாம் தேதியே சார். ஜூலை அஞ்சு. அகராதியில ரெண்டாவது பொருளும் இருந்துச்சு. படிச்சேன். படிச்சுட்டுத்தான் முதல் பொருளை எழுதினேன். காணொலியில அவங்க ஸைட்வாக்னு சொன்னதுமே சந்தேகமே இல்லாமத் தெரிஞ்சுது. அப்பவும் மாத்தல.”

“ஏன்?”

சொன்னேன். இந்த நோட்டில்கூட நேராக எழுதாததை, மகன் வயதுள்ள ஒருவரிடம் நின்றுகொண்டே சொன்னேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. முடிந்ததும் கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

“இப்ப சொன்னதை எழுதிக் குடுங்க. கவனக்குறைவுங்கிற வார்த்தை வேண்டாம்.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். சாட்சியை மறுபடி அழைக்கவும் தீர்ப்பை ஒரு வாரம் தள்ளிவைக்கவும் உத்தரவாயிற்று.

ஆகஸ்ட் 7, திங்கள்

மொழிபெயர்ப்புப் பணியிலிருந்து என்னை விலக்கி, நகல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை வீட்டுக்கு வந்தது. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும்.

குழாய்க்காரர் வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 10, வியாழன்

கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவரை இம்முறை மொழிபெயர்க்க வைத்தார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். போகவேண்டிய அவசியமில்லை. போனேன்.

நடுவர் தெருவின் வரைபடத்தைத் திரையில் காட்டச் சொன்னார். எங்கே விழுந்தார், காட்டுங்கள் என்றார். அந்த அம்மாள் தன் பக்கத்திலிருந்து அம்புக்குறியை நகர்த்தினார். பிளாட்பாரத்தைத் தாண்டியது, ரோட்டில் நின்றது. கறுப்புத் தார்மேல் என்றார். அந்த மனிதர் பிளாட்பாரத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்தாராம். எழுந்தாராம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டே இரண்டடி இறங்கி, அப்படியே மடிந்து விழுந்தாராம். வேன் அவரை விட்டு விலகத்தான் திரும்பியது, தூரம் போதவில்லை என்றார். “அந்தப் பையன்மேல் தப்பில்லை. அவர் பேவ்மென்ட்டில் கிடந்தார் என்று அன்றைக்கே எழுதினேனே?” என்று குழம்பிப்போய்க் கேட்டார்.

ஆசைத்தம்பி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். முதுகு மட்டும் குலுங்கியது.

பட்டம்மாள் எழுந்து வெளியே போய்விட்டாள். என்னைக் கடக்கும்போது நின்றாள். பார்த்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

விடுதலை.

பர்வீன் நகல் பிரிவுக்கு வந்து, “நான்தான் பிடிச்சிருக்கணும் மேடம். எனக்கே தோணல” என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா, தெரியவில்லை. ஆசைத்தம்பி வரவில்லை. ஏன் வரவேண்டும்? அவனுடைய ஒன்பது மாதத்தில் கடைசி ஒன்றரை மாதம் என் கணக்கு.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். கண்ணை மூடித் திறந்தார். ரசம் சாதம் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 21, திங்கள்

விளக்கத்தை அனுப்பினேன். ஒரே பத்தி. மறுப்பு எதுவும் இல்லை. மூன்று வருட ஊதிய உயர்வு போகலாம், வேலையே போகலாம் என்கிறார்கள்.

செப்டம்பர் 4, திங்கள்

நகல் பிரிவின் சன்னலில் பட்டம்மாள் நின்றாள். கையில் மனு. வெள்ளக்காரம்மா இரண்டாம் முறை சொன்ன சாட்சியத்தின் நகல் வேண்டும் என்று யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் பின்வாங்கினாள். இன்றைக்குச் சன்னலில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

நகலை எடுத்து முத்திரை வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாது” என்றாள். என்னைப் பார்க்காமல், காகிதத்தைப் பார்த்து.

வெளியே வந்து, வேப்பமரத்தடிக் கல்லில் அவளை உட்காரவைத்துப் படித்தேன். கூடையோடு உட்கார்ந்திருந்தது, எழுந்தது, நெஞ்சைப் பிடித்தது, இரண்டடி இறங்கியது.

“நெஞ்சப் புடிச்சாரா?”

“ஆமா. அப்படித்தான் எழுதியிருக்கு.”

“இன்னொருவாட்டி படிங்க.”

படித்தேன். மூன்றாம் முறையும் படித்தேன். அவள் உதடுகள் என்னோடு அசைந்தன.

“அப்புறம்?”

“வேன் நின்னதும் அந்தம்மா ஓடிப்போய் அவர் பக்கத்துல மண்டி போட்டிருக்காங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க, ஆளுங்க வர்ற வரைக்கும்.”

பட்டம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

“அப்ப உசுரு இருந்துச்சாம்மா? கையப் புடிச்சது அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?”

தாளை மறுபடி மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். பார்க்காமலே தெரியும் எனக்கு. ‘தெரிஞ்சிருக்கும்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடுவாள்.

“இதுல அது இல்லம்மா” என்றேன்.

தலையசைத்தாள். தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.